வவுச்சர் இல்லாத பூஜ்யம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், எல்லாக் காலத்துக்குமான பத்துச் சிறந்த தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் என்று ஓர் அட்டவணை வந்திருந்தது. வெற்றி சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். ஃபிளாய்ட் மேவெதர் 50-0, அதாவது 50 வெற்றி, தோல்வி பூஜ்யம், நூற்றுக்கு நூறு, முதலிடம். ராக்கி மார்சியானோ 49-0, அவரும் நூற்றுக்கு நூறு, ஒரு சண்டை குறைவு என்பதால் இரண்டாமிடம். கடைசியில், பத்தாவதாக, போனால் போகிறது என்று சேர்த்த மாதிரி சுகர் ரே ராபின்சன். 19 தோல்வி, 86 சதவீதத்துச் சொச்சம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்து இதை எழுதுகிறேன். முழுதாக ஆறவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 50-0 என்பது யாரும் தாண்டாத எண்ணிக்கை என்று கட்டுரையில் இருக்கிறது. தாண்டியிருக்கிறார்கள். தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின், 105 பவுண்டு எடைப்பிரிவின் சாம்பியன், 2018 மே மாதம் 50-0 ஆனார். அதே ஆண்டு 51. அப்படியே 54-0 வரை போய், 2020 நவம்பரில் தன் நாட்டுக்காரரான பன்யா பிரதப்ஸ்ரீயிடம் தோற்றார். உங்கள் அட்டவணையின் முறைப்படி அந்தத் தோல்விக்கு முந்தைய நாள் வரை உலக வரலாற்றின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் வான்ஹெங்தான். அப்படி யாரும் எழுதவில்லை, நீங்களும் எழுத மாட்டீர்கள். ஏன் என்று கேட்டால், அவர் யார் யாரோடு மோதினார் என்று பார்க்க வேண்டாமா என்பீர்கள். மற்ற பத்துப் பேர் விஷயத்திலும் அதையே பாருங்கள் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் 34 ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவள். பேரேட்டின் கடைசி மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எங்கள் வேலை போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வவுச்சர் எங்கே, தேதி என்ன, எதிர்த் தரப்பு யார் என்று கேட்டாக வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் கைக்கு வந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்ப்போம்.

குத்துச்சண்டை எனக்கு என் தம்பியால் வந்தது. 1974ல் கின்ஷாசாவில் முகமது அலி ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திய செய்தி வந்தபோது அவனுக்கு ஒரே குழப்பம். ஃபோர்மன் 40 சண்டையில் ஒன்றிலும் தோற்காதவர், அதில் 37 நாக் அவுட். அப்படிப்பட்டவர் எப்படித் தோற்பார் என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எல்லா வீரர்களின் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும் என்றான். அவன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும்; அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்படிச் சேர்ந்தவை மூன்று நீள நோட்டுகள். பின்னால் அவனே கையுறை மாட்டிக்கொண்டு அமெச்சூராகக் களம் இறங்கினான். நான்கு சண்டை, மூன்று தோல்வி, ஒரு வெற்றி. அந்த ஒரு வெற்றி, எதிராளி வராததால் கிடைத்த வாக்ஓவர். தோல்விகளில் இரண்டு ஒரே பையனிடம். அந்தப் பையன் அந்த வருடம் யாரிடமும் தோற்கவில்லை. தம்பி உருப்படியாகக் குத்தியது அந்த இரண்டாவது தோல்வியில்தான். நோட்டில் அது தோல்வி. வராதவனை வென்றது வெற்றி. இரண்டையும் என் கையால்தான் எழுதினேன்.

சரி, மார்சியானோவுக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குப் பகை இல்லை. 49ல் 43 நாக் அவுட். அந்தக் கைக்கு எதிரே யாரும் நிற்க விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பட்டம் வென்ற நாளின் வவுச்சரை எடுத்துப் பாருங்கள். 1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. முதல் சுற்றிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளித் தாள்களிலும் வால்காட்தான் முன்னால். 13வது சுற்றில் ஒரே ஒரு வலது கைக் குத்து, வால்காட் கயிற்றைப் பிடித்தபடி சரிந்தார். அன்று பட்டச் சண்டை 15 சுற்று. இன்று 12. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மார்சியானோவின் கணக்கு அன்றிரவு 42-1 ஆகியிருக்கும், நீங்களும் நானும் அவருடைய பூஜ்யத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

15 ஏன் 12 ஆனது? 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய தென் கொரியாவின் கிம் டுக்-கூ 14வது சுற்றில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு ஓர் உலக அமைப்பு பட்டச் சண்டையை 12 சுற்றாகக் குறைத்தது. மற்றவை அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. குறைத்தது நியாயம்தான். ஆனால் அந்த மூன்று சுற்றுக்குள் எத்தனை பேருடைய கணக்கு புரண்டிருக்கிறது என்று பாருங்கள். 1941 ஜூன் 18, ஜோ லூயிஸ் - பில்லி கான். லூயிஸ் ஹெவிவெயிட், அதாவது எல்லாவற்றிலும் கனமான எடைப்பிரிவின் சாம்பியன்; கான் உடம்பளவில் ஹெவிவெயிட்டே இல்லை. 12 சுற்று முடிவில் இரண்டு தாள்களில் கான் முன்னால், மூன்றாவதில் சமம். மனிதர் சும்மா தள்ளி நின்றிருந்தால் போதும். நாக் அவுட் செய்தே தீர்வேன் என்று 13வதில் நெருங்கிப் போனார். சுற்று முடிய இரண்டு விநாடி இருக்கும்போது எண்ணி முடிக்கப்பட்டார். 1981ல் லெனார்ட் - ஹெர்ன்ஸ்: மூன்று தாள்களிலும் ஹெர்ன்ஸ் முன்னால், 14வது சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டு லெனார்டுக்கு வெற்றி. 12 சுற்றுக்காரரும் 15 சுற்றுக்காரரும் ஆடியது ஒரே ஆட்டமில்லை. சதவீதத்தில் இது எங்கே தெரிகிறது?

மார்சியானோவின் பேரேட்டில் இருக்கும் பெரிய பெயர்களின் வயதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜோ லூயிஸ், 1951ல், 37. வரி பாக்கிக்காக மறுபடி களம் இறங்கிய மனிதர். ஆர்ச்சி மூர், 1955ல், அவர் சொன்ன பிறந்த ஆண்டை நம்பினால் 38, அவருடைய அம்மா சொன்னதை நம்பினால் 41. அந்த மூரும் இரண்டாவது சுற்றில் மார்சியானோவை ஒருமுறை விழவைத்தார். எஸார்ட் சார்லஸ் மட்டும்தான் கொஞ்சம் இளையவர். 1954ல் அவரை இரண்டு முறை வென்றது என் கணக்கில் சுத்தமான வரவு. மார்சியானோ என்ன செய்வார், அவர் காலத்தில் இருந்தவர்களோடுதான் மோத முடியும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். யாரையும் கண்டு ஒளிந்தவர் இல்லை. நேரத்தோடு விலகவும் தெரிந்தவர்: 32 வயதில், 1956 ஏப்ரலில், ஓய்வு. திரும்பி வரவே இல்லை. அந்தப் பூஜ்யத்தில் பாதி அவர் கை சம்பாதித்தது, மீதிப் பாதி அந்த ஏப்ரல் முடிவு காப்பாற்றிக் கொடுத்தது.

லாரி ஹோம்ஸ் அந்த 49ஐத் தொட ஒரு சண்டை பாக்கி என்ற இடத்தில், 48-0ல், மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். 1985 செப்டம்பர் 21. மார்சியானோ தன் கடைசிச் சண்டையை ஆடியது 1955 செப்டம்பர் 21. முப்பது வருடம், தேதி மாறாமல். எந்தப் பொருளும் இல்லாத ஒற்றுமைதான். நோட்டில் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் பத்தாவதாக வைத்தவர். ராபின்சன் 1940 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தார். 1943 பிப்ரவரிக்குள், அதாவது 28 மாதத்தில், 40 சண்டை, 40 வெற்றி. மேவெதர் தன் 50ஐச் சேர்க்க எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 21 ஆண்டு. பிப்ரவரி 5ஆம் தேதி டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் ராபின்சனுக்கு முதல் தோல்வி. லமோட்டா அவரைவிடச் சுமார் 16 பவுண்டு கனம். இந்தக் காலத்து வீரர் ஒருவர் முதல்முறை தோற்றால் என்ன நடக்கும்? பயிற்சியாளரை மாற்றுவார், ஒரு வருடம் காணாமல் போவார், திரும்பி வரும்போது யாரோ பெயர் தெரியாத ஒருவர் எதிரே நிற்பார். ராபின்சன் பிப்ரவரி 19ஆம் தேதி 1936 ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கக்காரரான ஜாக்கி வில்சனோடு மோதி வென்றார். 26ஆம் தேதி மறுபடி அதே டெட்ராய்ட், அதே லமோட்டா. வென்றார். அடுத்த நாள் ராணுவத்தில் சேர்ந்தார். முதல் தோல்வியிலிருந்து பழி தீர்த்தது வரை 21 நாள், நடுவில் இன்னொரு சண்டை. என் நோட்டில் இந்த மூன்று வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் ஓரம் தொட்டுத் தொட்டுக் கறுத்துவிட்டது.

அதற்கடுத்து எட்டு வருடம் அவரை யாரும் வெல்லவில்லை. 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பின் வென்றார். அப்போது ராபின்சன் ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சண்டை போட்டுக்கொண்டே லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். 64 நாளில் நியூயார்க்கில் டர்பினைப் பத்தாவது சுற்றில் நிறுத்தி, பட்டத்தைத் திரும்ப வாங்கினார். மூன்றாவது தோல்வி 1952 ஜூனில், யாங்கி ஸ்டேடியம். எதிரே லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிம், 15 பவுண்டு அதிக எடை. வெயில் நாள், விளக்குகளின் கீழே 40 டிகிரி செல்சியஸ். பத்தாவது சுற்றோடு நடுவருக்கே முடியாமல் போய், வேறு நடுவரை ஏற்றினார்கள். எல்லாத் தாள்களிலும் ராபின்சன் முன்னால். 13வதில் ஒரு குத்து காற்றில் போக, அவரே குப்புற விழுந்தார். 14வது சுற்றுக்கு எழ முடியவில்லை. பதிவில் அது நாக் அவுட் தோல்வி. மாக்சிம் அவரை எங்கே வீழ்த்தினார் என்று கேட்டால் பதிவுக்குப் பதில் தெரியாது.

ஆக, 1952 முடிவில் ராபின்சன் முதல்முறை விலகும்போது 130 வெற்றிக்கு மேல், 3 தோல்வி. மீதி 16 தோல்வியும், பணம் கரைந்துபோய் 1955ல் திரும்பி வந்த பிறகு. அவற்றில் ஐந்து 1965 என்ற ஒரே ஆண்டில், 44 வயதில். நடுவில் மிடில்வெயிட் பட்டத்தை மறுபடி மறுபடி வென்றதும் இந்த இரண்டாம் பகுதியில்தான், அதையும் சொல்ல வேண்டும். மார்சியானோ கடையை மூடிய பிறகு கணக்கும் முடிந்தது. ராபின்சன் மூடிய கடையை மறுபடி திறந்தார், பத்து வருட நஷ்டம் பழைய லாபத்தோடு சேர்த்துக் கூட்டப்பட்டது. இரண்டையும் ஒரே சதவீதத்தில் அளந்தால் எங்கள் பயிற்சி வகுப்பிலேயே தலையில் குட்டுவார்கள்.

ராய் ஜோன்ஸுக்கும் இதே கதி. 2003 முடிவில் 49-1. மிடில்வெயிட்டிலிருந்து ஏறி ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஆண்டு அது. அந்த ஒரு தோல்வியும், முழங்காலிட்டவரைக் குத்தியதற்காக 1997ல் தகுதி நீக்கம். ஐந்து மாதத்தில் அதே மான்டெல் கிரிஃபினை முதல் சுற்றிலேயே முடித்தார். பிறகு நிறுத்த மனம் வராமல் ஆடி ஆடி 66-10. அலியின் ஐந்து தோல்வியில் கடைசி இரண்டு 1980ம் 1981ம். அவை நடந்திருக்கவே கூடாத சண்டைகள். மறுபக்கம், அவருடைய நோட்டில் 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை வெற்றுப் பக்கம். ராணுவத்துக்குப் போக மறுத்ததற்காக உரிமத்தைப் பறித்த மூன்றரை வருடம், 25 வயதிலிருந்து 28 வரை. ஒரு குத்துச்சண்டை வீரரின் உடம்பில் அதைவிட விலை உயர்ந்த வருடங்கள் கிடையாது. வெற்றுப் பக்கத்துக்குச் சதவீதம் உண்டா?

உங்கள் அட்டவணையில் 1930க்கு முந்தைய ஒருவர்கூட இல்லை. இதில் உங்கள் தொழிலுக்கே ஒரு பங்கு உண்டு என்பது தெரிந்தால் சிரிப்பீர்கள். 1911 முதல் 1917 வரை நியூயார்க் சட்டப்படி, நாக் அவுட் இல்லாவிட்டால் யாரையும் வெற்றியாளர் என்று அறிவிக்கக் கூடாது. சூதாட்டத்தை ஒழிக்க என்று செய்தது. வேறு சில மாநிலங்களிலும் இதே நிலை. பந்தயம் கட்டியவர்கள் விடுவார்களா? மறுநாள் காலைப் பத்திரிகையில் நிருபர் யார் வென்றார் என்று எழுதுகிறாரோ, அதுவே தீர்ப்பு என்று வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைத் தீர்ப்பு என்றே அதற்குப் பெயர். இரண்டு பத்திரிகை இரண்டு விதமாக எழுதினால், இருவரும் வென்றவர்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர் ஒருவரின் கையில் அப்படி ஓர் அதிகாரம் இருந்தால் அவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹாரி கிரெப் என்பவரின் கணக்கில் பெரும்பகுதி இந்த வகைத் தீர்ப்புகள். மொத்தம் ஏறக்குறைய 300 சண்டை. 1919ல் மட்டும் 45. எட்டு நாளுக்கு ஒன்று என்று வருகிறது. நான் கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்குத் தப்போ என்று இன்னொரு முறை கூட்டினேன். வாழ்க்கையின் பின்பகுதியில் ஒரு கண் பார்வை இல்லாமலே ஆடினார், அதை மறைத்துக்கொண்டு. பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியைத் தொழில்முறையில் தோற்கடித்த ஒரே ஆள் அவர்தான், 1922ல், எடையில் குறைந்தவராக இருந்துகொண்டு. அவர் ஆடிய ஒரு சண்டையின் படச்சுருள்கூட மிஞ்சவில்லை. 32 வயதில் இறந்துபோனார். பத்திரிகைத் தீர்ப்புகளைக் கழித்துப் பதிவு போட்டால் அவர் சுமாரான ஆள் மாதிரி தெரிவார், சேர்த்துப் போட்டால் மலை மாதிரி.

சாம் லாங்ஃபோர்டு கதை வேறு மாதிரி. ஐந்தடி ஏழங்குல மனிதர், லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை மோதியவர். 1906ல் ஜாக் ஜான்சன் அவரை 15 சுற்றில் வென்றார். 1908ல் சாம்பியனான பிறகு ஜான்சன் அவருக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை. ஜான்சன் 1915ல் பட்டத்தை இழந்த பின், 1937ல் ஜோ லூயிஸ் வரும் வரை 22 ஆண்டு எந்தக் கறுப்பினத்தவருக்கும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வழி விடவில்லை. லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் வேறு வழியில்லாமல் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள், பதினைந்து தடவைக்கு மேல். ஒரே ஆளிடம் அத்தனை தடவை மோதினால் தோல்விக் கட்டம் நிறையாமல் என்ன செய்யும்? அந்தப் பக்கம் ஜாக் டெம்ப்சி வில்ஸோடு மோதாமலே காலம் கழித்தார். மோதாததால் டெம்ப்சியின் பதிவில் வில்ஸால் ஒரு கீறலும் இல்லை. யாரோடு மோதவில்லை என்பதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

போலி வவுச்சரும் உண்டு. 1947ல் பில்லி ஃபாக்ஸிடம் தோற்றது தான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது என்று லமோட்டா 1960ல் அமெரிக்க செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார். பட்டச் சண்டை கிடைக்க அதுதான் விலையாம். ஆனாலும் அந்த வரி இரண்டு பேர் பதிவிலும் இன்றுவரை அப்படியே நிற்கிறது: ஃபாக்ஸுக்கு வெற்றி, லமோட்டாவுக்குத் தோல்வி. தீர்ப்பிலும் கோளாறுகள். 1993 செப்டம்பரில் ஹூலியோ சேசர் சாவேஸ் 87-0 என்று வந்து பெர்னெல் விட்டேக்கரோடு மோதினார். பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர்தான் வென்றார் என்றார்கள். இரண்டு தாள்களில் 115-115, முடிவு சமன். சாவேஸின் பூஜ்யம் அன்று பிழைத்தது, நான்கே மாதத்தில் ஃப்ராங்கி ராண்டல் அதை முடித்துவைத்தார். விட்டேக்கருக்கோ ஏற்கெனவே 1988ல் பாரிஸ் அருகே இன்னொரு அநியாயத் தோல்வி எழுதப்பட்டிருந்தது. அவருடைய பதிவு 40 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். அதில் குறைந்தது இரண்டு வரியைச் சிவப்பு மையால் சுழிக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எடைப்பிரிவுக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938ல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் மூன்று பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். அன்று மொத்தம் எட்டே பிரிவு. அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு 27 சண்டை, 27 வெற்றி, 26 நாக் அவுட். தொடக்கத்தில் முதல் நான்கு சண்டையில் மூன்று தோற்றவர் அவர். உங்கள் முறைப்படி அங்கேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். இன்று குறைந்தது 17 பிரிவு, பிரிவுக்கு நான்கு அமைப்பு, அமைப்புக்கு ஒரு பெல்ட், சிலதில் இரண்டு. எடை பார்ப்பதும் முந்தைய நாளே முடிந்துவிடுவதால், இரவுக்குள் உடம்பில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வேறு ஆளாக வந்து நிற்கலாம். இதனால் மேனி பாக்கியாவின் எட்டுப் பிரிவுப் பட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிகச் சிறிய எடைப்பிரிவுகளில் ஒன்றான ஃப்ளைவெயிட்டில் பட்டம் வென்ற உடம்பு 150 பவுண்டு ஆட்களை அடித்து நொறுக்கியதைப் படத்தில் பார்த்தவள் நான். எட்டுத் தோல்வி இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அவருடைய எட்டையும் ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்டால், எண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

மேவெதருக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 49 வரிகள் வரை நான் டிக் அடிக்கத் தயார். 2002ல் காஸ்டில்லோவோடு நடந்த முதல் சண்டையில் அவர் தோற்றார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அதில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த ஆண்டு முடியும் முன்பே மறு சண்டை கொடுத்து வென்றார், கணக்கு நேர். 2013ல் கானெலோ அல்வாரெஸோடு நடந்த சண்டைக்கு ஒரு நடுவர் 114-114, சமம் என்று புள்ளி போட்டதுதான் வேடிக்கை. அன்று மேவெதர் பாடம் நடத்தினார். பாக்கியாவ் சண்டை 2009ல் பேசத் தொடங்கி 2015ல் நடந்தது. நடுவில் 2012ல் மார்க்கேஸ் பாக்கியாவை முகம் குப்புற விழவைத்துவிட்டார். தேதி முக்கியம் என்பது இதனால்தான். ஐம்பதாவது வரி, 2017 ஆகஸ்ட், கோனார் மெக்ரெகர். வேறு விளையாட்டின் சாம்பியன், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருடைய முதல் சண்டை. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் என் தம்பியின் வாக்ஓவர் நினைவுக்கு வருகிறது. மெக்ரெகராவது வந்தார்.

வெவ்வேறு காலத்தவர்களை ஒப்பிடவே முடியாது என்று சொல்பவர்கள் ஒரு வகை. ராபின்சனும் மேவெதரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கற்பனைச் சண்டை நடத்துபவர்கள் இன்னொரு வகை. நான் செய்வது சின்ன வேலை. ஒவ்வொருவரின் நோட்டிலும் மிகச் சிறந்த ஐந்து வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் அவர் பிரிவில் இருந்த அபாயமான ஆட்கள் யார், அவர்களில் எத்தனை பேரோடு மோதினார், அன்று அவர்கள் வயது என்ன, தோற்றால் எத்தனை நாளில் திரும்பி வந்தார் என்று வரி வரியாகப் பார்க்கிறேன். நோட்டுகளிலும் தவறு இருக்கும். ராபின்சனின் வெற்றி 173 என்று என் பழைய நோட்டு, 174 என்று இன்றைய இணையப் பதிவேடு. பழைய ஊர்ப் பத்திரிகைகளைத் தோண்டத் தோண்ட எண்கள் இன்னும் மாறும். அந்த ஐந்து வருடக் கணக்கில் எனக்கு முதலில் ராபின்சன், அடுத்து கிரெப், மூன்றாவது ஆம்ஸ்ட்ராங். மேவெதர் ஏழோ எட்டோ. லூயிஸ் அலிக்கு மேலே. இந்தக் கடைசி வரிக்காகத் தம்பி என்னோடு 40 வருடமாகச் சண்டை போடுகிறான். லூயிஸ் பட்டத்தைக் காத்துக்கொண்ட 25 சண்டைகளில் 1941 வாக்கில் மாதம் ஒருவராக வந்து விழுந்தவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மாத வரிசையின் கடைசி ஆள்தான் பில்லி கான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது, ஒவ்வொருவர் எண்ணுக்கும் பக்கத்தில் அவர் வென்ற மூன்று பெரிய பெயர்கள், அன்று அந்த மூவரின் வயது, சண்டையின் தேதி, இவ்வளவு மட்டும் போடுங்கள். இடம் போதாதென்றால் சதவீதக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். பத்துப் பேருக்கும் என் நோட்டிலிருந்து அந்த விவரத்தை எழுதி இத்துடன் நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். கையெழுத்து புரியும், தம்பியுடையது இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்

பி.கு.: அட்டவணையில் ஜோ லூயிஸுக்கு 66 வெற்றி, 3 தோல்வி என்று சரியாகப் போட்டுவிட்டு, மொத்தச் சண்டை 68 என்று அச்சாகியிருக்கிறது. 69.